எடைக்குப் போகாத இரும்பு

தில்லி சராய் காலே கானில் 2019 பிப்ரவரி 21 அன்று ஒரு பூங்கா திறக்கப்பட்டது. தாஜ்மகால், ஈபிள் கோபுரம், எகிப்துப் பிரமிடு, பைசாவின் சாய்ந்த கோபுரம், ரோமின் கொலோசியம், ரியோவின் மீட்பர் கிறிஸ்து, நியூயார்க்கின் சுதந்திர தேவி என்று ஏழு உலக அடையாளங்களும் அங்கே பழைய இரும்பில் நிற்கின்றன. சைக்கிள் ரிம், வண்டி உதிரிபாகம், குழாய் என்று மாநகராட்சிக் கிடங்குகளில் துருவேறிக் கிடந்த பொருள்களைப் பற்றவைத்து எழுப்பியவை. பூங்காவின் பெயர் ‘வேஸ்ட் டு ஒண்டர்’. திறப்பு விழாச் செய்திகளில் தவறாமல் இடம்பெற்ற எண் 150 டன். இரண்டாண்டு கழித்து அதே தில்லியில், பஞ்சாபி பாக்கில், இந்தியாவின் நினைவுச் சின்னங்களை வைத்து ‘பாரத் தர்ஷன்’ பூங்கா வந்தது. அதற்கு 350 டன்.

எடையைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளும் கலை அபூர்வம். தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக் கல்லைக் காட்டி வழிகாட்டிகள் சொல்லும் 80 டன் கதையை விட்டால், எந்தச் சிலையையும் நாம் தராசில் வைத்துப் பேசுவதில்லை. பழைய பொருளில் செய்த சிற்பத்துக்கு மட்டும் அந்தப் பேச்சு வந்துவிடுகிறது. எத்தனை டன், எத்தனை ஆயிரம் நட்டு, எத்தனை லட்சம் பாட்டில் என்பதே முதல் வரியாகிறது.

150 டன் என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 45 லட்சம். பூங்காவுக்கு ஆன செலவென்று அப்போது சொல்லப்பட்டது ஏறத்தாழ ஏழரைக் கோடி. நிலம் திருத்தியது, பாதை போட்டது, விளக்கு வைத்தது எல்லாம் அதில் அடக்கம். அவற்றைக் கழித்தாலும் இரும்பின் பங்கு சிறியதுதான். வரைந்தவர், வெட்டியவர், வளைத்தவர், பற்றவைத்தவர் ஆகியோரின் வேலைதான் பெரிய தொகை. அந்தச் சிலைகளில் மிக மலிவான சரக்கின் அளவை ஊரெல்லாம் சொல்கிறார்கள். விலை கூடிய சரக்கு யாருடைய கையிலிருந்து வந்தது என்பதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நாமக்கல், சேலம் வட்டாரத்தில் பழைய இரும்பைக் கழிவு என்று சொன்னால் பட்டறைக்காரர்கள் சிரிப்பார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போன தெரு வியாபாரிகளின் காலத்திலிருந்தே அதற்கு ஒரு விலை உண்டு. லாரியின் வில்பட்டை முறிந்தால் அது கொல்லுப்பட்டறைக்குப் போகும். அங்கே உலையில் பழுத்து, அடி வாங்கி, துவைச்சல் ஏறி அரிவாளாகும். லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்குத் தனி மதிப்பே இருக்கிறது; அந்த உருக்கு அவ்வளவு திடம். தேய்ந்த டயர் செருப்பாகவும் தொட்டியாகவும் மாறும். தறிக்கூடத்தில் அறுந்து விழுந்த கழிவு நூல் மூட்டையாகக் கட்டப்பட்டு லாரி ஷெட்டுக்கு வரும். மெக்கானிக் கை கிரீஸைத் துடைப்பது அதில்தான். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டுகிற, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி கட்டுகிற பட்டறைகளில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் தகடு அன்றைக்கே தனியே குவிக்கப்படுகிறது. யாருக்கும் வேண்டாத இரும்பு இந்தச் சமவெளியில் கிடைப்பது கடினம்.

எனவே இங்கே பழைய இரும்பில் சிலை செய்ய வருகிறவருக்குப் போட்டி இன்னொரு சிற்பி கிடையாது, உலைதான். எடைக்குப் போன இரும்பு மின்தூண்டல் உலையில் உருகிக் கட்டடக் கம்பியாகிவிடும். அந்த வழியில் போக வேண்டிய ஒரு துண்டைக் கலைஞர் இழுத்து நிறுத்துகிறார் என்றால், அப்படி நிறுத்தியதற்குக் காரணம் அந்தத் துண்டின் உருவத்திலேயே தெரிய வேண்டும். உருக்கினாலும் குறையாத பயன் தருவதை உருக்காமல் வைத்திருக்கிறோமே, அதற்குப் பதில் என்ன கிடைத்தது? பழைய பொருள் சிற்பங்களை மதிப்பிட இதைவிட நேரான கேள்வி இல்லை.

சண்டிகரில் ஒரு மனிதர் இந்தப் போட்டியே இல்லாத பொருளைத் தேர்ந்தெடுத்தார். நேக் சந்த் சைனி 1924-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஷகர்கட் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பிரிவினையில் ஊரை இழந்து வந்து, 1951 முதல் சண்டிகர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தார். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் வரைபடப்படி புதிய தலைநகரம் எழுந்துகொண்டிருந்த நேரம் அது. அதற்காக இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இடிக்கப்பட்டன. உடைந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டு, மின் பியூஸ் பீங்கான், கழிப்பறைத் தொட்டி, தார் டிரம் என்று அந்த இடிபாட்டிலும் கட்டுமானத்திலும் மிஞ்சியவற்றை அவர் சைக்கிளில் சேர்த்தார். சிவாலிக் அடிவாரத்து ஓடைக் கற்களையும் சுமந்துவந்தார். எந்த எடைக்கடையும் சீந்தாத சரக்கு.

1950-களின் கடைசியில் தொடங்கிய வேலையைச் சுக்னா ஏரியை ஒட்டிய காப்புக்காட்டில், யாரும் எதுவும் கட்டக் கூடாது என்று சட்டம் போட்ட அரசு நிலத்தில், இரவில் டயரைக் கொளுத்திய வெளிச்சத்தில் செய்தார். பகலில் அரசு வேலை, இரவில் அரசு நிலத்தில் ஆக்கிரமிப்பு. 1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது பல ஏக்கரில் சிலைகள் நின்றிருந்தன. இடிப்பதுதான் விதிப்படி சரி. ஆனால் சண்டிகர் நிலவமைப்புக் குழுவின் தலைவராக இருந்த எம்.எஸ். ரந்தாவா போன்றோரும் நகர மக்களும் அதன் பக்கம் நிற்க, 1976 ஜனவரி 24 அன்று அது பாறைத் தோட்டமாகத் திறந்து வைக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளம் கிடைத்தது, ஐம்பது தொழிலாளர்களும் கிடைத்தார்கள். நகரம் முழுவதும் உடைந்த பொருள்களைச் சேகரிக்கும் மையங்கள் வந்தன. 1984-இல் பத்மஸ்ரீ. 2015 ஜூனில் அவர் இறந்தபோது தோட்டம் ஏறத்தாழ 40 ஏக்கர்.

செய்முறையைப் பார்த்தால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. உள்ளே ஒரு சட்டகம். பழைய சைக்கிளின் ஃபோர்க்கும் சட்டமும்கூட அதற்கு உதவின. மேலே சிமெண்ட் பூச்சு, அது காய்வதற்குள் வெளித்தோலாகப் பதித்த வளையல் துண்டு அல்லது பீங்கான். கம்பியும் செங்கல்லும் வைத்துக் காரை பூசி உருவம் எழுப்பும் நம் சுதைச் சிற்பமும் இதே தர்க்கத்தில் நடப்பதுதான். சேலம் பக்கத்து முனியப்பன் கோயில்களில் மீசை முறுக்கி உட்கார்ந்திருக்கும் பேருருவங்களைச் செய்த கைகளுக்கு நேக் சந்தின் வேலை ஒரே பார்வையில் விளங்கியிருக்கும். இவர்கள் பூசி வண்ணம் தீட்டியதில் உள்ளே இருக்கும் செங்கல் மறைந்துவிடும். அவர் உடைசலை வெளியே கொண்டுவந்து வைத்தார். வளையல் துண்டால் ஆன பெண்ணைப் பார்க்கும்போது அவளும் தெரிகிறாள், எத்தனையோ பெண்களின் மணிக்கட்டும் தெரிகிறது.

அங்கீகாரம் கிடைத்த பிறகும் தோட்டத்துக்கு நிம்மதி இல்லை. 1990-இல் சாலை போடப் புல்டோசர் வந்தபோது மக்கள் குறுக்கே நின்றார்கள். 2025 மார்ச்சில், அருகிலிருக்கும் உயர் நீதிமன்றத்தை ஒட்டிய சாலை விரிவாக்கத்துக்காக மதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தும் சுவர் தப்பவில்லை.

பொருளின் பழைய வாழ்க்கை சிலையில் தெரிய வேண்டும் என்பது நேக் சந்தோடு முடிகிற விஷயமில்லை. 1942-இல் பிக்காசோ ஒரு சைக்கிள் சீட்டையும் கைப்பிடியையும் சேர்த்து வைத்தார். காளையின் தலை ஆகிவிட்டது. இரண்டே துண்டு. பார்ப்பவர் கண் காளைக்கும் சைக்கிளுக்கும் இடையே போய்ப் போய் வருவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. என்றாவது ஒருநாள் யாராவது அதைக் குப்பையில் கண்டெடுத்து, தன் சைக்கிளுக்குக் கைப்பிடி ஆயிற்று என்று எடுத்துப் போகலாம் என்று பிக்காசோ வேடிக்கையாகச் சொன்னதைப் புகைப்படக் கலைஞர் பிரசாய் பதிவு செய்திருக்கிறார்.

மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். முடிந்த பிறகும் துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் வீடுகளிலும் புதர்களிலும் கிடந்தன. 1995-இல் அந்நாட்டுக் கிறிஸ்தவ மன்றம், ஆயர் தினிஸ் செங்குலானே முன்னின்று, துப்பாக்கியைக் கொடுப்பவர்களுக்குத் தையல் இயந்திரமும் சைக்கிளும் உழவுக் கருவிகளும் தரத் தொடங்கியது. வாங்கிய துப்பாக்கிகளை வெட்டிச் செயலிழக்கச் செய்து கலைஞர்களிடம் கொடுத்தார்கள். கெஸ்டர் என்று அறியப்படும் கிரிஸ்தோவோ கன்யவாட்டோ 2001-இல் அவற்றிலிருந்து ஒரு நாற்காலி செய்தார். ‘ஆயுத அரியணை’ என்ற பெயரில் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ள துப்பாக்கிகளில் ஒன்றுகூட மொசாம்பிக்கில் செய்யப்பட்டதில்லை. பல நாட்டுத் தொழிற்சாலைகள் அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன. இதை உருக்கிக் கம்பியாக்கியிருந்தால் அந்தச் சாட்சியம் போயிருக்கும். மேலே கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது.

கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்த எல் அனட்சுய், 1990-களின் இறுதியில் ஒரு மூட்டை மதுபாட்டில் மூடிகளைக் கண்டெடுத்தார். அவற்றைத் தட்டிச் செம்புக் கம்பியால் கோத்து, சுவரளவு விரியும் உலோகத் துணிகள் ஆக்கினார். ஐரோப்பியர் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்த சரக்குகளில் மதுவும் ஒன்று. அடிமை வணிகத்தோடு பின்னிக் கிடந்த சரக்கு. அதனால் அந்த மூடி வெறும் பளபளப்பு இல்லை. வெனிஸ் பினாலே 2015-இல் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் அளித்தது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் பக்கத்தில் இன்று நடப்பதைப் பார்த்தால் கலவையான எண்ணமே வருகிறது. ஆந்திராவின் தெனாலியில் காட்டூரி வெங்கடேஸ்வர ராவும் அவர் மகனும் நடத்தும் சிற்பக்கூடம் பழைய நட்டு, போல்ட்டுகளில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட உருவங்களைச் செய்வதில் பேர் வாங்கியது. காந்தி சிலை செய்திருக்கிறார்கள். 2021-இல் பெங்களூருக்காக 14 அடியில் பிரதமர் மோடி சிலை செய்தார்கள். கைத்திறனில் குறை சொல்ல முடியாது. நட்டுகளை நெருக்கி வைத்து ஒரு கன்னத்தின் வளைவைக் கொண்டுவருவது எளிதில்லை. ஆனாலும் அங்கே நட்டு மண்ணைப் போல ஒரு பூச்சுப் பொருளாகிவிடுகிறது. அது எந்த வண்டியைத் தாங்கியது என்பது காந்தியின் முகத்தில் படிவதில்லை. களிமண்ணிலோ வெண்கலத்திலோ செய்திருந்தாலும் அதே காந்திதான். தில்லியின் தாஜ்மகாலுக்கும் இது பொருந்தும்.

உலோகத்தைத் தட்டியும் பற்றவைத்தும் சிற்பம் செய்வதில் சென்னைக்கு வலுவான மரபு இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி. கே.சி.எஸ். பணிக்கர் அதன் முதல்வராக இருந்த காலத்தில் வளர்ந்த தலைமுறை, 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியது. அந்தத் தலைமுறையின் பி.வி. ஜானகிராம் (1930–1995) செம்புத் தகட்டைத் தட்டி, கம்பி வைத்துப் பற்றவைத்து, முன்பக்கம் மட்டுமே பேசும் சிற்பங்களைச் செய்தார். கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசம்தான் அவருக்கு வழிகாட்டி. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) அதே வழியை இன்னும் விரித்தார். இவர்கள் யாரும் பழைய இரும்புச் சிற்பி என்று தங்களைச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் வார்ப்பு அச்சும் பெரிய உலையும் இல்லாமல், கத்தரி, சுத்தி, பற்றவைப்புக் கருவி ஆகியவற்றை வைத்துப் பெரிய சிற்பம் செய்யலாம் என்பதை நிலைநாட்டியது அவர்கள்தான். பட்டறையின் முறை சிற்பக்கூடத்துக்குள் வந்தது அந்த வழியில்.

எதிர்த்திசையில், பட்டறையே சிற்பக்கூடமான கதை ஹெய்ட்டியில் நடந்தது. க்ருவா-தே-புக்கே என்ற ஊரில் ஜார்ஜ் லியோதோ என்ற கொல்லர் கல்லறைகளுக்கு இரும்புச் சிலுவை செய்துகொண்டிருந்தார். 1950-களில் தலைநகரிலிருந்து வந்த கலை மையத்தார் அந்தச் சிலுவைகளைப் பார்த்து, உருவங்கள் செய்யத் தூண்டினார்கள். இன்று அந்த ஊரே எண்ணெய் டிரம் சிற்பங்களுக்குப் பேர்போனது. டிரம்மின் இரு மூடிகளையும் வெட்டியெடுத்து, உள்ளே வைக்கோலோ வாழைச் சருகோ போட்டுக் கொளுத்தி எண்ணெய்ப் பிசுக்கை எரித்துவிடுவார்கள். பிறகு பக்கவாட்டில் பிளந்து, ஏறி மிதித்துத் தட்டையாக்கி, சாக்குக்கட்டியால் வரைந்து, உளியால் வெட்டுவார்கள். கருவி என்று பார்த்தால் உளியும் சுத்தியும் மட்டும்.

நாமக்கல் பட்டறைகளில் இருக்கும் கருவிகளும் கைப்பழக்கமும் அதைவிடப் பல மடங்கு கூடுதல். எந்த இரும்பு எதோடு ஒட்டும் என்ற அறிவு அங்கே அன்றாடம் புழங்குவது. மிருது உருக்கு சாதாரண ராடில் ஒட்டும். வில்பட்டையைப் பற்றவைத்தால் சூடு பட்ட இடத்தில் துவைச்சல் இறங்கிப்போகும். பக்கத்திலேயே விரிசலும் விழலாம். பேரிங் உருக்கு கடினம், ஆனால் நொறுங்கும் குணம். சேலம் உருக்காலையின் பெயரோடு நாம் நினைக்கும் எவர்சில்வரைச் சாதா இரும்போடு சேர்த்து மழையில் நிறுத்தினால், சந்திப்பில் சாதா இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். துத்தநாகம் பூசிய தகட்டைச் சுரண்டாமல் பற்றவைத்தால் கிளம்பும் வெள்ளைப் புகை அன்றிரவே குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறை நம்பிக்கை. காற்றோட்டமும் முகமூடியும்தான் மருந்து. நட்டுச் சிலைகளுக்கு வேறொரு தொல்லை. இடுக்குகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் உள்ளே தங்கும் ஈரத்தை எந்த வார்னிஷும் தடுப்பதில்லை. கடற்கரைச் சென்னையில் உப்புக்காற்று அதைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். சேலம், நாமக்கல்லின் வறண்ட காற்று இந்த ஒரு வகையில் சிற்பிக்குச் சாதகம்.

பொருளும் கூடிக்கொண்டுதான் போகிறது. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகிறது. லாரிகளும் பேருந்துகளும் கழிப்புக் கூடங்களுக்குப் போகின்றன.

ஆனால் லாரியைவிட அழுத்தமாகப் பேசக்கூடிய இரும்பு இந்தச் சமவெளியில் வேறொன்று இருக்கிறது. சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே இருக்கும் வெண்ணந்தூர் நெசவு ஊர். கைத்தறியும் விசைத்தறியும் அதன் பிழைப்பு. நாடா ஓடும் பழைய விசைத்தறிகள் நாடா இல்லாத புதிய தறிகளோடு போட்டியிட முடியாமல் போனதையும், கூலியும் மின்கட்டணமும் கட்டுப்படியாகாத உரிமையாளர்கள் தறிகளை உடைத்து எடைக்கு விற்றதையும் மேற்கு மாவட்டங்களின் நாளிதழ்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகின்றன. ஒரு தறிக்கூடம் மூடினால் பக்கச் சட்டங்கள், பல்சக்கரங்கள், பாவு உருளை, அச்சு, விழுது, நுனியில் உலோகம் பதித்த மர நாடா எல்லாம் ஒரே நாளில் தெருவுக்கு வந்துவிடும். மரம் அடுப்புக்கு, இரும்பு உலைக்கு.

மொசாம்பிக்கின் துப்பாக்கியைப் போல இதுவும் ஒரு காலத்தின் சாட்சியம். தறியின் பல்சக்கரத்தில் தேய்மானம் படிந்திருக்கும் இடம், அது எத்தனை ஆண்டு எந்தப் பக்கமாகச் சுழன்றது என்பதைச் சொல்லும். ஆனால் இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. பழைய தறிகளின் சட்டமும் பெரிய சக்கரங்களும் பெரும்பாலும் வார்ப்பு இரும்பு. மிருது உருக்கில் கரி கால் சதவீதத்துக்குள்தான். வார்ப்பு இரும்பிலோ இரண்டு முதல் நான்கு சதவீதம். சாதா ராடு வைத்துப் பற்றவைத்தால் ஆறும்போதே ‘டிக்’கென்று விரிசல் விடும். நிக்கல் ராடு வேண்டும், துண்டை முன்கூட்டியே சூடாக்க வேண்டும், மெதுவாக ஆறவிட வேண்டும். செலவு எகிறிவிடும். லாரிப் பாடி கட்டும் வெல்டர்கூடத் தயங்கும் வேலை.

எனவே தறி இரும்பில் சிற்பம் செய்வதென்றால் தறி எப்படி நின்றதோ அப்படித்தான் அதுவும் நிற்க வேண்டும்: பற்றவைப்பு இல்லாமல், போல்ட்டிலும் ஆப்பிலும். அந்த வேலை தெரிந்தவர்கள் எழும்பூரில் இல்லை. கூடத்துக்குக் கூடம் போய்த் தறியை இறக்கிப் பூட்டி ஓட்டிக் கொடுத்த மெக்கானிக்குகளுக்கு, எந்தச் சட்டம் எந்தக் கோணத்தில் பாரம் தாங்கும், எந்தத் துளை தேய்ந்து ஆடும் என்பதெல்லாம் அத்துப்படி. இப்போது அவர்களில் பலர் தறியைப் பிரித்துப் போடும் கூலிக்கும் போகிறார்கள். கவின்கலைக் கல்லூரி மாணவர் ஒருவர் வெண்ணந்தூருக்கு வந்தால் எடைக்கடைக்கு முன்பாக அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவது நல்லது. நாள் கூலியை முதலிலேயே பேசிவிட வேண்டும். சிலை எழும்பினால் பலகையில் டன் கணக்கு எழுத வைத்திருக்கும் இடத்தில் அவர்கள் பெயரையும் எழுதலாம்.